ஸ்டென்சிலில் அழித்த பத்தி

இந்தியாவில் நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த காலம். சிட்னியில், வெஸ்ட்மீடில், எங்கள் தமிழ்ச் சங்க மடலுக்கு, பிரதியெடுக்கும் மெழுகுத்தாளான ஸ்டென்சிலில் கையால் எழுதுவது என் வேலை. இங்கே தமிழ்த் தட்டச்சு இல்லை. கல்யாணத்துக்கு முன் நான் வரலாற்று ஆசிரியை. கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும்.

அந்த மாதம் என் சொந்தக் கட்டுரையையே எழுதினேன். வெள்ளைக்காரன் 1878இல் கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் பற்றியது. வங்காளியிலோ மராத்தியிலோ பத்திரிகை போட்டால் பிணைப்பத்திரம் கேட்பார்கள். அச்சாகும் முன்பே அதிகாரியிடம் காட்டிவிட்டால் தப்பலாம். இங்கிலீஷ் பத்திரிகைக்கு இது எதுவும் கிடையாது. கடைசிப் பத்தியில், இன்று நம் ஊரில் நம்மவர்களே அதைச் செய்கிறார்கள் என்று எழுதியிருந்தேன்.

சனிக்கிழமை சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். கடைசிப் பத்தியில் விரலை வைத்தார்.

“இது வேண்டாம்மா. பொங்கலுக்குத் தூதரகத்திலேருந்து வர்றாங்க. இனிமே தமிழ்ப் பக்கத்தை மட்டும் முன்னாடியே எங்கிட்ட காட்டிடுங்க.”

“இங்கிலீஷ் பக்கம், சார்?”

“அது எதுக்கு? அவங்க பொறுப்பா எழுதுவாங்க.”

“வைஸ்ராயும் இதையேதான் சொன்னார், சார்.”

என் கணவர் சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்.

“பாப்பா பேரை உங்க பாஸ்போர்ட்ல சேக்கணுமில்ல? தூதரகத்துக்குத்தானே போகணும்” என்றார் செயலாளர், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே.

அவர் போனதும் கணவர் சொன்னார்: “ஒரு பத்திதானே. விட்டுடேன்.”

எட்டு மாதக் குழந்தை இடுப்பில். ஊரில் என் அப்பா அவளை இன்னும் பார்க்கவில்லை. பாஸ்போர்ட்டில் பேர் ஏறாவிட்டால்? ஒரு மடலை யார் படிக்கப்போகிறார்கள்? படித்துவிட்டால்? திருத்தும் திரவத்தைத் தடவி, என் வரிகளை நானே மூடினேன். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

மடல் வந்தது. பழைய சங்கதியை ரசமாக எழுதியிருப்பதாகப் பாராட்டினார்கள். யாரையாவது அறையலாம் போலிருந்தது.

அடுத்த மாதம் செயலாளர் ஒரு மாணவனின் கட்டுரையைக் கொடுத்தார். “நீங்களே பாத்துடுங்கம்மா. எது கூடாதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே.”

வாங்கிக்கொண்டேன். இரண்டாம் பக்கத்தில், ஊரில் கைதான தன் பேராசிரியரைப் பற்றி எழுதியிருந்தான். பென்சிலை எடுத்து, நீக்க வேண்டியது என்று அந்த வரியின் கீழ் கோடு போட்டிருந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் கை தானாகவே போயிருக்கிறது. செயலாளர் மேல் வந்ததைவிட அந்தக் கை மேல் எனக்கு அதிகக் கோபம் வந்தது. கோட்டை ரப்பரால் அழித்து, கட்டுரை முழுவதையும் ஒரு வரி விடாமல் ஸ்டென்சிலில் எழுதி, அவரிடம் காட்டாமலே அச்சுக்குக் கொடுத்தேன்.

அந்த வேலையை அதோடு என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். பாஸ்போர்ட் என்ன ஆகுமோ என்று பல நாள் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். ஆனால் அந்தக் கட்டுரையை எழுதிக் கொடுத்ததற்காக ஒரு நாளும் வருந்தவில்லை.