உயிர்த்தெழப் போகிறவனுக்கு ஏரியில் ஓர் இடம்

எங்கள் ஊரில் ஒருவன் செத்துவிட்டான் என்று டாக்டர் சொன்னால் அது பாதிதான். ஏரியில் அவன் பாடு வேறு ஆளுக்குப் போனால்தான் அவன் முழுசாகச் செத்தான்.

பாடு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் குச்சி நட்டு இறாலுக்கு வலை கட்ட முடியாது. நல்ல இடம் கொஞ்சம், வலை நிறைய. அதனால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, எந்த இடத்தில் யார், யாருக்குப் பிறகு யார் என்று பிரித்துக்கொள்வோம். அந்த உரிமைக்குப் பெயர்தான் பாடு. வீட்டுக்கு ஒன்று. அப்பனுக்கு உடம்பு முடியவில்லையென்றால் மூத்த மகன் பெயருக்கு மாறும். அவன் இல்லையென்றால் அடுத்தவன். எங்கள் வீட்டில் அந்த அடுத்தவன் நான். பள்ளிக்கூடமும் நானும் ஒன்பதாவதிலேயே சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துவிட்டோம். அதனால் ஆள் காலியாகத்தான் இருந்தேன்.

நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தோள்பட்டை போனதும் பாடு அண்ணன் பெயருக்கு வந்தது. அண்ணனுக்கு ஏரி போதவில்லை, கடலுக்கும் போவான். ஒரு மழைக்காலத்தில் முகத்துவாரத்தைத் தாண்டும்போது அலை ஃபைபர் படகைக் கவிழ்த்தது. கூடப் போனவர்கள் நீந்தி வந்தார்கள். அண்ணன் வரவில்லை. வடக்கே ஆந்திரா வரைக்கும் கரையோரமாகத் தேடினோம். உடம்பு கிடைக்கவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள், புதைக்கிற ஆட்கள். புதைக்க ஒன்றும் இல்லாததால் கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கு வேலையும் இல்லாமல் போயிற்று.

அதுவரை எங்கள் சபையில் நைனா தூங்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வேகாத வெயில், அதிலும் தூங்குவார். அண்ணன் போன பிறகு தூங்குவதை நிறுத்திவிட்டார். பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வரும் பாஸ்டர், மரித்தவர்கள் உடம்போடு எழுந்திருப்பார்கள், ஆண்டவர் வானத்தையும் பூமியையும் புதுசாக்கி நம்மோடேயே குடியிருப்பார், அழுகை இருக்காது, சாவு இருக்காது என்று சொன்னார். நைனா முன் வரிசையில் கண் கொட்டாமல் கேட்டார்.

நான் பின்னாலிருந்து கேட்டேன்: "கொசு இருக்குமா பாஸ்டர்?"

"இருக்காது தம்பி."

"நிச்சயமா தெரியுமா?"

"கடிக்கற கொசு இருக்காதுன்னு நம்பறேன்" என்றார். நல்ல மனுஷன், கோபமே வராது. அதனாலேயே அவரிடம் கேட்பதில் ருசி இல்லை.

நான் கிண்டல் பண்ணினேனே தவிர நம்பாமல் இல்லை. ஆனால் நைனா நம்பின விதம் வேறு. பாஸ்டரே அவ்வளவு நம்பினாரா என்று எனக்குச் சந்தேகம். பாட்டை என் பெயருக்கு மாற்ற மாட்டேன் என்று நைனா சொல்லிவிட்டார். அண்ணன் பெயரிலேயே இருக்கட்டும், அவன் முறை வரும்போது நாம் இரண்டு பேருமாகப் போய் வலை கட்டுவோம், அவ்வளவுதான் என்றார். முதல் குலுக்கலில் பாவம் பார்த்து ஊர் விட்டுவிட்டது. அடுத்த குலுக்கலில் விடவில்லை.

அம்மன் கோயில் எதிரே மரத்தடியில்தான் கூட்டம். ஊரில் நாங்கள் நாலைந்து வீடுதான் சபைக்குப் போகிறவர்கள், மற்றவர்கள் எல்லாம் அம்மன் வீட்டு ஆட்கள். குலுக்கலுக்கு மட்டும் எல்லோரும் ஒரே மரம்.

தலைவர் நைனாவுக்கு மச்சான் முறை. மெதுவாகத்தான் ஆரம்பித்தார்: "மச்சான், பாட்டைச் சின்னவன் பேருக்கு மாத்திரு. இருக்கறவன் பேர்லதான் பாடு இருக்கணும். இல்லாட்டி ஊருக்குத் திரும்பிடும். நம்ம கட்டுப்பாடு ஒனக்குத் தெரியாததா."

நைனா எழுந்தார். "பெரியவன் இல்லன்னு யார் சொன்னது? தூங்கறான். எழுந்திருப்பான்."

  நைனாவின் பங்காளி, எனக்குச் சித்தப்பா, அம்மன் வீட்டு ஆள், வாயைத் திறந்தார். வாயைத் திறக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"அப்ப செத்துப்போன எங்க நைனா? அவரும் எழுந்திருப்பாரா?"

"எல்லாரும் எழுந்திருப்பாங்க."

"அவுரு நைனா?"

"எல்லாருந்தான்னு சொல்றேன்ல."

"எல்லாரும் எழுந்து வந்து பாடு கேட்டா ஏரி பத்துமா, அண்ணே? இப்பவே மண்ணு தூந்து பாதி எடத்துல முட்டிக்கால் தண்ணிதான் கீது."

"ஏரியும் புதுசாயிரும்."

"ஆழமா?"

"ஆழமா."

ஏரி ஆழமாகும் என்றதும் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

சித்தப்பா விடவில்லை. "தோ பாரு, எங்காளுங்க செத்தா மறுபடி பொறப்பாங்க. ஆனா வேற வூட்ல பொறப்பாங்க. வந்து எம் பாட்டைக் குடுன்னு கேக்க மாட்டாங்க. ஒங்காளு அதே ஒடம்போட வரான். அதான் பேஜாரு."

"அதே ஒடம்புதான். ஆனா புதுசு" என்றார் நைனா.

"எஞ்சின் மாத்தன படகு மாதிரியா நைனா?" என்றேன் நான்.

"நீ மூட்றா."

தலைவர் தலையைச் சொறிந்தார். "மச்சான், ஒங்க பாஸ்டர் அன்னிக்கு டீக்கடைல ஒண்ணு சொன்னாரு. புது ஒலகத்துல கடலே இருக்காதாமே. கடலில்லாத ஊர்ல நமக்கு இன்னா வேலை?"

இதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. நைனாவுக்கு முன்பே தெரிந்திருந்தது போல. யோசிக்கவே இல்லை.

"கடல்தான் இருக்காது. எம் புள்ளயத் தூக்கினு போச்சே, அந்தக் கடல். போவட்டும். ஏரி இருக்காதுன்னு எங்கயும் சொல்லல. ஏரி இருந்தா பாடு இருக்கும். பாடு இருந்தா எம் புள்ள பேரு இருக்கணும். அவன் வந்து, நைனா எங்க என் எடம்னு கேட்டா, தம்பிக்குக் குடுத்துட்டேன்னு சொல்லவா?"

அப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் போனதிலிருந்தே அப்படித்தான். என்னைப் பார்த்தால் அவன் இல்லாதது தெரிகிறதோ என்னவோ. வலை கட்டும்போதும் குச்சியைப் பார்த்துப் பேசுவார், தண்ணீரைப் பார்த்துப் பேசுவார்.

தலைவருக்கு வேறு வழியில்லை. "அப்ப இந்தத் தபா ஒங்க வூட்டுப் பாடு ஊருக்குத்தான் மச்சான்" என்றார். அது போனால் எங்களுக்கு அடுத்தவன் வலையில் கூலி வேலைதான். அது எல்லோருக்கும் தெரியும். நைனாவுக்கும் தெரியும். உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார்.

பெண்கள் கூட்டத்தில் உட்கார மாட்டார்கள், ஆனால் தண்ணீர்க் குழாயடியில் நின்று எல்லாம் கேட்பார்கள். அம்மா அங்கிருந்து வந்தாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"இன்னாய்யா பேசற நீ? ஆண்டவர் ஊர்லயும் சீட்டுக் குலுக்குவாங்களா?"

நைனா திரும்பினார்.

"இங்க எடம் பத்தல, அதனால குலுக்கறாங்க. அங்கயும் பத்தாதா? அங்கயும் எம் புள்ள கரைல குந்திகினு அவன் முறை எப்ப வரும்னு பாத்துகினு இருக்கணுமா? அப்படின்னா அது இன்னா மோட்சம்? இதே ஊரு." குடத்தைச் சரி செய்துகொண்டாள். "அவனுக்கு எடம் இருக்குதுன்னு ராவும் பகலும் சொல்ற. நம்பறவன் எதுக்குய்யா பஸ்ல துண்டு போட்டு வெக்கறாப்பல இங்க எடம் புடிச்சி வெக்கற? நீ நம்பல. அதான்."

சித்தப்பாகூட வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவர் சோறு சாப்பிட்டாரா என்று தெரியாது.

 நைனா தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நம்பறேண்டி" என்றார், அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது. அப்புறம் தலைவரைப் பார்த்து, "சின்னவன் பேரைப் போட்டுக்கோ மச்சான்" என்றார்.

போட்டார்கள். குலுக்கலில் எனக்குச் சுமாரான இடம் விழுந்தது. என் ராசி அப்படித்தான்.

என் பெயரில் முதல் பாடு வந்த அன்று விடியற்காலையில் போனோம். நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குச்சி நட்டேன். நைனா படகிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். 

திடீரென்று, "அவன் வரும்போது நீ கெழவனாயிருப்ப. அவன் அப்டியே இருப்பான்" என்றார்.

"எனக்கும் புது ஒடம்புதான் நைனா. எல்லாருக்குந்தான்னு நீதான சொன்ன."

"ஒனக்குமா?"

"ஏன், எனக்குக் கெடையாதா?"

"இல்ல, கெடைக்கட்டும்" என்றார். "ஒழுங்கா ஒரு மூஞ்சியாவது கெடைக்கும்."

அண்ணன் போன பிறகு அவர் என்னைக் கிண்டல் பண்ணினது அதுதான் முதல் தடவை.  

"அதுவரைக்கும் இந்த மூஞ்சியத்தான் பாத்தாவணும்" என்றேன்.

"பாத்துகினுதான கீறேன்" என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "குச்சிய நேரா நடு."