விமானத்தைச் செதுக்கி எடுத்த இடம்

மகளின் ஓவிய வகுப்பில் இந்தத் தவணை ஜெர்மன் அச்சுப்படங்கள். முதலாம் உலகப் போருக்குப் போய்வந்தவர்களும், பிள்ளையைப் போருக்குக் கொடுத்தவர்களும் மரப்பலகையில் செதுக்கி, கறுப்பு மை பூசித் தாளில் ஒற்றியெடுத்தவை. ஆசிரியை அனுப்பியிருந்ததைக் கைபேசியில் பார்த்தேன். முகங்களில் உளி இழுத்த கோடுகள் அப்படியே கிடந்தன. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது தேவைதானா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் ஒன்றும் தெரியாத தாய் என்று நினைப்பார்களோ என்று விட்டுவிட்டேன்.

அதே முறையில், தங்கள் குடும்பம் அறிந்த ஒரு பயத்தை லினோ என்ற ரப்பர் போன்ற மென்தகட்டில் செதுக்கச் சொல்லியிருந்தார்கள். மகள் யாழ்ப்பாணத்திலிருக்கும் என் அக்காவை அழைத்துக் கேட்டுவிட்டாள். நான் இத்தனை வருடம் சொல்லாததை அக்கா ஒரே அழைப்பில் சொல்லி முடித்துவிட்டாள். வளைகுடாவில் நாங்கள் குடியிருக்கும் கராமா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பங்கர் ஒன்று உருவானது. பதுங்குகுழிக்குள் நாலு பேர், மேலே கறுப்பு வானத்தில் வெள்ளைக் கோடுகளாய்க் குண்டுபோடும் விமானம்.

ஜெபல் அலித் துறைமுகத்தில் வேலை முடித்து வந்த கணவர் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றார்.

"உமக்கென்ன விசரோ? ஸ்கூல்காரர் எல்லாத்தையும் பேஸ்புக்கில போடுவினம். ஆடியில லீவுக்கு ஊருக்குப் போகேக்க எயார்போட்டில மறிச்சுக் கேட்டா என்ன சொல்லுவீர்?"

அவர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது.

"பங்கர் இருக்கட்டும். பிளேனை மட்டும் எடு, பிள்ளை," என்றேன்.

"லினோல ரப் பண்ணேலாது, அம்மா. வெட்டினா வைட்டா வரும்."

"வெள்ளை வானந்தானே. வரட்டும்."

கோபத்தில் அவள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உளியை இழுத்து இழுத்துத் தோண்டினாள். மை உருட்டித் தாளை உரித்தபோது, விமானம் இருந்த இடத்தில் வெள்ளை வெடித்திருந்தது. தோண்டாமல் தப்பிய மேடுகள் மை பிடித்து, எல்லாப் பக்கமும் கருங்கீற்றுகளாகச் சிதறியிருந்தன. குண்டு விழுந்த அந்த ஒரு கணம் இப்படித்தான் இருந்தது.

கணவர் தாளை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "முதல் இருந்ததே பரவாயில்லை," என்றார். வேறு தகடு இல்லை, மறுநாள் பள்ளியில் கண்காட்சி. "ஆரும் கேட்டா சூரியன் எண்டு சொல்லுங்கோ, ரெண்டு பேரும். கலாஸ், கதை முடிஞ்சுது."

நானும் தலையாட்டினேன்.

பள்ளி நடைவழியில் படங்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மகளின் வகுப்புத் தோழியின் அம்மா, மதுரைக்காரர், கைபேசியைத் தூக்கியபடியே வந்தார். "சூரியனா பாப்பா? சூப்பரா பண்ணிருக்கியே."

மகள் என்னைப் பார்த்தாள். ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"இல்லையக்கா," என்றேன். "அது குண்டு. கீழ, இந்தச் சின்னது நான்."

அவர் கைபேசியை மெல்ல இறக்கினார். "போட்டோ எடுக்கட்டுமா, வேணாமா?"

நான் படத்தைப் பார்த்தேன். விமான நிலையத்தில் கடவுச்சீட்டை வாங்கிப் புரட்டும் கைகளை நினைத்தேன். சொன்னதே பிழையோ?

"எடுங்கோ. பிள்ளையின்ர பேர் மட்டும் வரவேண்டாம்."

நான் கேட்காமலே மகள் சுவரோடு ஒட்டி நின்று, படத்தின் கீழே தன் பெயர் ஒட்டிய அட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.