மூன்றாவது முறை பெயர் எழுத வந்தார்கள்

வெளியிலிருந்து பூட்டிய வீட்டுக்குள், அரிசி டிரம்முக்குப் பின்னால், ஒச்சம்மா மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பகல் பதினோரு மணி. தகரக் கூரை கொதித்தது.

பெயர் எழுத வந்துவிட்டார்கள்!

அந்தமானின் ரங்கத் ஊரில், பஜாருக்குப் பின்னால் குன்றேறும் அந்தச் சந்தில் பதினேழு வீடுகள். மழை பெய்தால் செம்மண் தண்ணீர் அடுப்படி வரை வரும். இந்த ஆண்டு சிமெண்ட் பாதையும் வாய்க்காலும் போடுவதென்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் முடிவானது. செலவில் ஒரு பங்கை அங்கே குடியிருப்பவர்களே தர வேண்டும். வாசல் எத்தனை அடி அகலமோ அதற்கேற்ற தீர்வை. ஐந்து வருடத்தில் கட்டிக்கொள்ளலாம். எல்லோரும் கை தட்டினார்கள். "வீடு வீடா வந்து அளந்து, பேர் எழுதிக்குவாங்க" என்று சொன்னதும் ஒச்சம்மாவின் கைகள் மட்டும் பாதியில் நின்றுவிட்டன.

காசுக்கு அவள் பயப்படவில்லை. கூலிக்குப் பாக்கு உரித்தே இரண்டு பெண்களைக் கரையேற்றியவள் அவள். அவளைக் கலங்கடித்தது பெயர் எழுதும் அந்த நோட்டுப் புத்தகம். ஆறு வயதில், இலங்கைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், இப்படித்தான் ஒருவர் வாசலில் நின்று பெயர் எழுதினார். சில மாதத்தில் இந்தியாவுக்குக் கப்பல். பிறகு நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டி, கல்யாணம் முடித்து, இனி இதுதான் ஊர் என்று நம்பியிருந்தபோது கடல் எழும்பி வந்தது. கணவன் முத்துவீரனைக் கொண்டுபோனது. முகாமில் மறுபடியும் பெயர் எழுதினார்கள். மறுபடியும் கப்பல், இந்த ரங்கத்துக்கு. இரண்டு முறையும் எழுதிய பிறகு அவள் திரும்பிப் போக ஒரு வாசல் இல்லை. மூன்றாவது முறையை இந்தப் பாழும் நெஞ்சு தாங்குமா?

அதனால்தான் காலையிலேயே பக்கத்து வீட்டுப் புஷ்பாவிடம் சாவியைக் கொடுத்து, தன்னை உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னாள்.

"இந்த வீட்டுல யாரு?" பஞ்சாயத்து எழுத்தர் ரவிச்சந்திரனின் குரல்.

"அக்கா மாயாபந்தருக்கு மக வீட்டுக்குப் போயிருச்சு சார்" என்றாள் புஷ்பா.

"எப்ப வரும்?"

"அது… வந்தா வரும், வராட்டி வராது."

"என்னம்மா, கப்பல் டிக்கெட் மாதிரி பதில் சொல்ற?"

கூட வந்த ஓவர்சியருக்குப் பொறுமை இல்லை. "சோடோ பாய், காலி லிக்கோ" என்றார், விட்டுவிட்டு ஆளில்லை என்று எழுதச் சொல்லி.

"அதுவும் சரிதான்" என்றார் ரவிச்சந்திரன். "காலின்னு எழுதிட்டா வாய்க்காலை வளைக்க வேண்டாம். இந்தத் தகர ஷெட்டை இடிச்சுட்டு நேரா உள்ளாறயே விட்டுரலாம்."

தான் உட்கார்ந்திருக்கும் இதே தரையிலா? ஐயோ! ஒளிந்ததே எமனாகிவிட்டதே! ஒச்சம்மா பாய்ந்து போய்க் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"புஷ்பா! தொறடி! நான் உள்ளதான் இருக்கேன்!"

"மாயாபந்தர் பஸ் சீக்கிரமா வந்துருச்சே!" என்றார் ரவிச்சந்திரன்.

"ஐயோ அக்கா, என்னயப் பொய்க்காரி ஆக்கிட்டியே!" புலம்பிக்கொண்டே புஷ்பா பூட்டைத் திறந்தாள்.

ஒச்சம்மா கைகூப்பியபடி வெளியே விழுந்தடித்து வந்தாள். "தொரை, நான் எங்கயும் போகல. வீட்ட இடிச்சிறாதீங்க. பேரு எழுதிக்கங்க. கப்பல்ல மட்டும் ஏத்திறாதீங்க தொரை!"

"தொரையா? நானா?" சிரிக்க வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கினார். "எந்தக் கப்பலும்மா? அஞ்சு வருசம் தீர்வை கேட்டு நான்தான் இந்த மேட்டுல ஏறி வரணும். நீங்க போயிட்டா நான் யாருகிட்ட வாங்குறது?"

அவள் நம்பவில்லை. நம்பும் வயதைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஆனாலும் ரவிச்சந்திரன் அளவு டேப்பின் முனையை நீட்டியபோது வாங்கிக்கொண்டாள். பிறகு அளவு தப்பென்று சண்டை வரக் கூடாதல்லவா? அதற்காக ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் எல்லையில் நின்று ஒரு முனையைப் பிடிக்க வேண்டும் என்பது அந்தச் சந்தில் பேசிவைத்த முறை. ஒச்சம்மா வேலி மூலையில் போய் நின்றாள். டேப்பின் முனையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"இருபத்திரண்டு அடி. வீட்டுக்காரங்க பேரு?"

"ஒச்சம்மா" என்றாள். அவர் காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னாள்.

பேனா ஓடி நின்றது.

"எழுதியாச்சு. அடுத்த வீட்டுக்குப் போகணும், டேப்பை விடுங்கம்மா."

அவள் விடவில்லை. புஷ்பாதான் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.