எந்திரிச்சுப் பாடுய்யா!

லிஃப்ட்காரரின் வேலை நேரம் பாதி இருட்டில்தான் கழியும். உயரமான கட்டடங்களுக்குள் செங்குத்தாக இறங்கும் அந்தக் குழியில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இரும்புக் கயிற்றைத் தடவிப் பார்ப்பார், கதவு உருளைகளில் படிந்த அழுக்கைச் சுரண்டி எடுப்பார். கீழே நிற்கும் கூட்டாளிக்குக் கேட்க வேண்டுமே என்று "ஏத்து", "நிறுத்து", "கொஞ்சம் இறக்கு" எனக் கத்திக் கத்தி, தொண்டை அவருக்கு ஒலிபெருக்கி மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும். "சண்டையெல்லாம் இல்ல, உப்பு எங்கேன்னு கேக்குறாரு" என்று அவர் மனைவி அந்த ஜன்னலுக்குச் சமாதானம் சொல்லுவாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் குழிக்குள் அவர் உட்கார்ந்திருந்தபோது எந்த மாடியிலோ ரேடியோ பாடியது. குழி வழியாக இறங்கி வந்த அந்தக் குரல் அவர் காதுக்கு வரும்போது இன்னும் கனத்திருந்தது. ஸ்பேனரை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார். பாட்டு முடிந்ததும் மாடி மாடியாகப் போய், "இப்பப் பாடினது யாருங்க?" என்று விசாரித்தார். மூன்றாவது மாடியில் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த ஒருவர் சொன்ன பெயரை அன்றைக்குப் பிடித்தவர்தான், பிறகு விடவே இல்லை.

அந்தப் பாடகருக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் 'வெண்கலம்'. கணீரென்ற குரலுக்காக வைத்த பெயர். லிஃப்ட்காரர் முதலில் கேசட் வாங்கினார், அப்புறம் கச்சேரிக்குப் போனார், அப்புறம் ரசிகர் மன்றத்தில் சேர்ந்தார். சுவரொட்டி ஒட்டப் போன இடத்தில் ஏணியில் அஞ்சாமல் ஏறுகிற ஒரே ஆள் அவர் என்பதால் மெல்ல மெல்ல மேலே வந்து, கடைசியில் மன்றத் தலைவராகவே ஆகிவிட்டார். மஞ்சள் நிற டி-ஷர்ட்டில் வெண்கலத்தின் முகம் நெஞ்சில் சிரிக்க, நிகழ்ச்சிகளில் முதல் வரிசையில் நின்று விசிலடிப்பதுதான் தலைவரின் தலையாய கடமை.

வெண்கலம் பாடிக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. நாற்பதைத் தாண்டியதும் அவருக்கு நடிக்கும் ஆசை வந்தது. அதிலும் அடிதடிப் படம்தான் வேண்டுமாம். முதல் படத்தின் முதல் காட்சிக்கு மன்றமே திரண்டு போனது. வெண்கலம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அடியாட்கள் பதினைந்து பேர், ஏதோ டோக்கன் வாங்கிக்கொண்டு வந்தவர்களைப் போல், ஒருவர் அடிவாங்கி முடிக்கும்வரை அடுத்தவர் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஒருவன் கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு போனான். ஒருவன் அட்டைப்பெட்டிகளின் மேல் விழுந்தான். பெட்டியெல்லாம் காலி. கடைசியாக, மொட்டைத்தலைக்காரன் ஒருவன் பின்னாலிருந்து கட்டையோடு வர, வெண்கலம் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டிப் பிடித்தார். லிஃப்ட்காரர் கை வலிக்க வலிக்கத் தட்டினார். இரண்டாம் படத்திலும் அதேதான். மூன்றாவதில் மொட்டைத்தலைக்காரனுக்குத் தாடி வைத்திருந்தார்கள்.

"படம் எப்படிங்க?" என்று வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்பாள்.

"பிச்சுட்டாரு" என்பார்.

"அப்புறம் ஏன் மூஞ்சி பல்லு வலி வந்த மாதிரி இருக்கு?"

அவர் கைகால் கழுவப் போய்விடுவார். மனைவி ஒரு பேக்கரியில் கேக்குகளுக்கு மேல்பூச்சு போடுகிறவள். வெளிப்பூச்சு எது, உள்ளே இருப்பது எது என்று அவளிடம் மறைக்க முடியாது. ஆனாலும் அதற்குமேல் அவள் துருவ மாட்டாள்.

கச்சேரிகளும் அந்த வழிக்கே போயின. முதலில் புகை வந்தது. பிறகு நெருப்பு. பிறகு ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வெண்கலம் கயிற்றில் தொங்கியபடி மேடைக்கு இறங்குவார், ஓடுவார், உருளுவார். குரல் மட்டும் கொஞ்சமும் மூச்சு வாங்காமல், கேசட்டில் கேட்ட அதே குரலாக, அதே இடத்தில் அதே குழைவோடு வந்துகொண்டிருக்கும். அவர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி, "நீங்க பாடுங்க!" என்பார். அப்போதும் பின்னால் அவர் குரல் பாடும். லிஃப்ட்காரருக்கு அது நன்றாகவே கேட்கும். இருந்தும் விசிலடிப்பார். தலைவரே சும்மா நின்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் புது நிகழ்ச்சியின் அறிவிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக் குழியில் அவர் முதன்முதலாகக் கேட்ட அந்த மெதுவான பாட்டை, பல வருஷம் கழித்து வெண்கலம் மேடையில் பாடப்போகிறார் என்று போட்டிருந்தார்கள். லிஃப்ட்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவியையும் அழைத்துப் போனார். இந்த ஒரு பாட்டையாவது நேரில் கேட்டுவிட்டால் போதும், மற்ற கூத்தையெல்லாம் மன்னித்துவிடலாம் என்று மனசுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்.

உள்ளரங்கம் நிரம்பி வழிந்தது. வழக்கமான புகை, நெருப்பு, கயிறு எல்லாம் முடிந்து, விளக்குகள் மங்கின. அந்தப் பாட்டின் முதல் இசை கேட்டது. லிஃப்ட்காரர் கண்ணை மூடினார். இரண்டு வரி போயிருக்கும், மனைவி விலாவில் இடித்தாள்.

"என்னங்க, யாரோ வந்துட்டாங்க பாருங்க."

கண்ணைத் திறந்தார். மேடை சிவப்பாக இருந்தது. முகமூடி போட்ட பத்துப் பேர் வெண்கலத்தைச் சுற்றி வளைத்திருந்தார்கள்.

ஒருவன் பாய்ந்தான், விழுந்தான். அடுத்தவன் பாய்ந்தான், விழுந்தான். பாட்டு தன்பாட்டுக்கு ஓடியது. வெண்கலம் மைக்கை உருவி ஒரு முகமூடிக்காரன் மண்டையில் ஓங்கி அடித்தார். மைக் அங்கே மண்டையில் இருக்க, குரல் இங்கே "கண்ணே" என்று உருகிக்கொண்டிருந்தது.

லிஃப்ட்காரர் கைகள் விசிலுக்காக வாய்வரை போய் அப்படியே நின்றுவிட்டன.

கடைசியில் ஒரு நெட்டையன் வந்து வெண்கலத்தை முதுகில் உதைத்தான். அவர் சுருண்டு விழுந்தார். இசை சட்டென்று நின்றது. ஒரே ஒரு விளக்கு மட்டும் அவர்மேல் விழுந்தது. அரங்கமே மூச்சைப் பிடித்தது. எப்படியும் அவர் எழுவார், எழுந்ததும் வெடி வெடிக்கும், நெட்டையன் பறந்துபோய் விழுவான் என்று அங்கே தெரியாதவர் யாரும் இல்லை. அந்த அமைதி நீண்டது. இன்னும் நீண்டது. அப்போது முதல் வரிசையிலிருந்து ஒரு குரல்:

"எந்திரிச்சுப் பாடுய்யா!"

லிஃப்ட் குழியில் பழகிய தொண்டை. அரங்கத்தின் கடைசி வரிசைவரை போய் மோதித் திரும்பியது. யாரடா இது என்று லிஃப்ட்காரரே ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தார். அதற்குள் சிரிப்பு கிளம்பிவிட்டது. ஓரிடத்தில் பொரிந்து, பக்கத்துக்குப் பரவி, மொத்த அரங்கமும் குலுங்கியது. மேடையில் செத்துக் கிடந்த முகமூடிக்காரர்களில் இரண்டு பேர் வயிறு அதிரச் சிரிப்பது தெரிந்தது. அப்புறம் வெண்கலம் எழுந்தார், வெடி வெடித்தது, நெட்டையன் பறந்தான். ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

மன்றச் செயலாளர் இரண்டு இருக்கை தள்ளி நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஒல்லியான மனிதர். அவர் முகத்தைப் பார்க்க லிஃப்ட்காரருக்குத் தைரியம் வரவில்லை.

"வாங்க போகலாம்" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் வந்ததும் அவர், "மானம் போச்சு" என்றார். அவளோ பஸ் நிறுத்தத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

யாரோ அதைக் கைபேசியில் எடுத்திருந்தார்கள். இரண்டே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. ஒரு கட்டடத்தில் மாடி நடுவே நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்யப் போனார். உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவர்கள் லிஃப்டைப் பார்த்து, "எந்திரிச்சுப் பாடுய்யா!" என்று கத்தினார்கள். தங்களை வெளியே எடுக்கப்போகிறவர்தான் அந்த ஆள் என்று அவர்களுக்குத் தெரியாது. அவரும் வாயைத் திறக்காமல் வேலையை முடித்துவிட்டு வந்தார்.

மன்றக் கூட்டம் மறு வாரம் கூடியது. செயலாளரின் கண்ணாடிக் கடையில், வியாபாரம் முடிந்த பிறகு, சுற்றிலும் முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கு நடுவில் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் லிஃப்ட்காரருக்குத் தன் முகமே தெரிந்தது.

"தலைவரே, விஷயம் எல்லாருக்கும் தெரியும்" என்று செயலாளர் தொடங்கினார். "ஒரு சின்ன வீடியோ எடுத்துடுவோம். உணர்ச்சிவசப்பட்டுக் கத்திட்டேன், அண்ணன் எந்திரிக்கணுமேங்கிற பதற்றம்னு சொல்லிடுங்க. அத்தோட முடிஞ்சிடும்."

நல்ல யோசனைதான். லிஃப்ட்காரர் தலையாட்டினார். மஞ்சள் டி-ஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கைபேசியின் முன்னால் உட்கார்ந்தார். "எல்லாருக்கும் வணக்கம். அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தார். நின்றார். மறுபடி ஆரம்பித்தார். மூன்றாம் தடவையும் அதே இடத்தில் நின்றார்.

"முடியலப்பா" என்றார்.

"தொண்டை கட்டிருச்சா?"

"தொண்டைக்கு என்ன? அவரு எந்திரிக்கணும்னு எனக்குப் பதற்றமே இல்ல. எந்திரிப்பாருன்னு தெரியும். பாடத்தான் மாட்டாருன்னு தெரியும். அதான் கத்தினேன்."

மூலையில் உட்கார்ந்திருந்த டீச்சர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்ற அம்மாள், மெல்லக் கேட்டார். "எனக்கு ஒரு சந்தேகம். மைக்கால மண்டையில போட்டாரே, அப்போ பாட்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

யாரோ களுக்கென்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர், "அந்த மொட்டைத்தலைய இன்னும் எத்தன படத்துலதான் பின்னாடியே வரவைப்பாங்க?" என்றார். "முன்னாடி வந்தா ஜெயிச்சிருவான்ல!" என்றார் இன்னொருவர். அதோடு அணை உடைந்தது. கயிறு, புகை, காலி அட்டைப்பெட்டி என்று ஆளுக்கொன்றைச் சொல்லிச் சிரித்தார்கள். இத்தனை வருஷமாகத் தான் ஒருவன் மட்டுமே விழுங்கிக்கொண்டிருந்ததாக நினைத்ததை எல்லோரும்தான் விழுங்கியிருக்கிறார்கள் என்று லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. மார்மேல் வைத்திருந்த பளுவை யாரோ தூக்கியதுபோல் இருந்தது.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"நானும்தான் பாத்தேன்" என்றார். "எனக்கு மட்டும் கண்ணு தெரியாதா? கண்ணாடிக் கடையே வெச்சிருக்கேன். பாத்ததெல்லாம் வெளிய சொல்லிட முடியுமா தலைவரே? இந்த மன்றம் இல்லன்னா நான் யாரு? காலைல ஷட்டரத் தூக்குறேன், சாயங்காலம் இறக்குறேன். ஞாயித்துக்கிழம இங்க வந்தாத்தான் நாலு பேரு என்னை செயலாளரேன்னு கூப்பிடுறாங்க."

சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். லிஃப்ட்காரர் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மன்றம் இருக்கட்டும்யா. யாரு கலைக்கச் சொன்னா? இனிமே நீங்க தலைவரா இருங்க. என்னால விசிலடிக்க முடியல, அவ்வளவுதான். அடிச்சா பொய்யாப் போகுது, வாய் கசக்குது."

"என்மேல கோவமில்லையே?"

"சேச்சே. எனக்குக் கோவமெல்லாம் அந்த மொட்டைத்தலை மேலதான்."

அதற்குச் செயலாளரும் சிரித்துவிட்டார். மன்ற முத்திரை, பேனர் சுருட்டி வைத்த குழாய், பீரோச் சாவி எல்லாம் அங்கேயே கை மாறின. வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தபோது பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. புதுத் தலைவர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அண்ணே, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. போன ரெண்டு கச்சேரிக்கும் நான் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் போனேன்."

"அப்புறம் எப்படி அடி தவறாம கை தட்டினீங்க?"

"உங்களப் பாத்துத்தான்."

இருவரும் தெருவில் நின்று சிரித்தார்கள். புதுத் தலைவர் கடையைப் பூட்டத் திரும்பிப் போனார். லிஃப்ட்காரர் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் வீடுவரை நடந்தே போனார். மனைவி கதவைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பல்லு வலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சாப்பாடு போடவா?" என்றாள்.

"போடு. பசிக்குது" என்றார். அன்றைக்கு மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெண்கலம் மாறவில்லை. அடுத்த நிகழ்ச்சியில் முகமூடிகள் இருபதாகிவிட்டன என்று டீச்சர் வந்து சொன்னார். லிஃப்ட்காரருக்கு அதில் வருத்தமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. யாரோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுச் செய்தி மாதிரி கேட்டுக்கொண்டார். அந்தப் பழைய பாட்டு எங்காவது ஒலித்தால் இப்போதும் நின்று கேட்பார். அதற்காக யாரிடமும் வாதாட வேண்டியதில்லை என்பதால் முன்னைவிட நன்றாகவே கேட்டது.

ஒரு விடுமுறை நாளில் மனைவி அவரை ஒரு படத்துக்குக் கூட்டிப் போனாள். யாரும் யாரையும் அடிக்காத படம். ஒரு குடும்பம் வீடு மாறுவதுதான் கதை. அரை மணியில் லிஃப்ட்காரர் இருக்கையில் சரிந்து, வாய் லேசாகத் திறக்க, தூங்கிப்போனார். தலைவராக இருந்த காலமெல்லாம் எந்தத் திரையரங்கிலும் அவர் கண் அசந்ததில்லை. அந்தப் பெரிய தொண்டையிலிருந்து குறட்டை கிளம்பியதும் முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். மனைவி தன் கைப்பையை மடித்து அவர் தலைக்கு அணையாக வைத்துவிட்டு, முன்வரிசைக்காரரிடம் தணிந்த குரலில் சொன்னாள்:

"தூங்கட்டும் சார். ரொம்ப வருஷமா நின்னுக்கிட்டே இருந்தாரு."