டீச்சரம்மா மேல் நான் கொடுத்த மனு

முழுத்தாளில் இரண்டு பக்கம். மேலே "பெறுநர்", கீழே என் கையெழுத்து. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவை வேறு ஊருக்கு மாற்ற வேண்டும் என்று நான் கொடுத்த மனு அது. அந்த டீச்சரம்மா இப்போது பதவி உயர்வு பெற்று, கொடைரோடு பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறார். அவரைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அந்தத் தாள்தான் முதலில் என் கண்முன் வந்து நிற்கிறது.

நான் இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வண்டியில் பைப் தூக்கும் ஆளாகச் சேர்ந்து, இன்று சொந்தமாக மூன்று போர்வண்டி வைத்திருக்கிறேன். சாணார்பட்டியிலிருந்து ஒட்டன்சத்திரம் வரை நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்த தோட்டங்களை ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிட முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஊரில் நான் ஒன்று சொன்னால் மறுபேச்சு கிடையாது. படிப்பு ஒன்றுதான் குறை. பஸ் போர்டு, கடைப் பலகை என்றால் எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான். அதனால்தான் பேத்தி படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்று எனக்கு அத்தனை ஆசை.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது அவள் முதல் வகுப்பு. திறந்து, நாலாம் வகுப்பும் வந்துவிட்டது. ஒருநாள் சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார்கள். பேத்தியைக் கூப்பிட்டு, "ஏ தாயி, இத சத்தமா வாசி, மாமா கேக்கட்டும்" என்றேன். பத்திரிகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? "என்ன மாப்ள, ஊருக்கே போர் போடுறீரு, பேத்தி தலைக்குள்ள ஒரு எழுத்து எறங்கலயா?" என்று சிரித்தார். பேத்தி அழுதுகொண்டே உள்ளே ஓடிவிட்டாள்.

மருமகளிடம் கேட்டேன். "பாடம் பூராம் காதால கேட்டே ஒப்பிச்சிருவா மாமா. எழுத்தக் காட்டுனாத்தான் முழிக்கிறா. டீச்சர் இவளுக்கு வேற மாதிரி சொல்லித் தாராங்க. போன்ல படம் புடிச்சு, பேசிப் பதிஞ்சு கொண்டாரச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

"எழுத்தே தெரியாத பிள்ளைக்குப் படம் புடிக்கச் சொல்லித் தரவா சம்பளம் வாங்குறாக?" என்று கத்தினேன். மறுநாளே மனு எழுதுகிறவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல, அவர் தன் பங்குக்கு நாலு பெரிய வார்த்தைகளைச் சேர்த்து எழுதினார். கல்வி அலுவலகத்தில் வாங்கிக்கொண்டவர், "அடுத்த வியாழக்கிழமை விசாரிக்கிறோம். உண்மைன்னா மாத்திருவோம்" என்றார். வேலை முடிந்தது என்று மீசையைத் தடவிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு தோட்டத்தில் போர் போட்டோம். பேத்தி தன் அம்மாவின் போனைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருந்தாள். எண்ணூறு அடி இறங்கியும் ஈரமில்லை, வெறும் கல்மாவுப் புகைதான் வந்தது. தோட்டக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார், வேடிக்கை பார்த்தவர்களும் கலைந்தார்கள். பேத்தி அங்கே என்ன செய்தாள் என்று நான் கவனிக்கவில்லை. தண்ணீர் வராத அன்றைக்கு எதையும் கவனிக்கிற மனசு எனக்கு இருக்காது.

திங்கட்கிழமை டீச்சரம்மா ஆள் அனுப்பினார். மனு விஷயம் தெரிந்து கெஞ்சத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். ஒல்லியான உடம்பு, சாக்பீஸ் அப்பிய சேலை. மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாங்கய்யா. பேத்தி ஒண்ணு செஞ்சிருக்கா, பாத்துட்டுப் போங்க" என்று சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார வைத்து, போனை என் முன்னால் நிறுத்தினார்.

முதல் படத்தில் நான்தான். மடித்துக் கட்டிய லுங்கி, தலை முதல் கால் வரை கல்மாவு. சுற்றி நின்ற பிள்ளைகள், "ஏலே, பேய் மாதிரி இருக்காருடா!" என்று சிரித்தார்கள். படம் மாற மாறப் பேத்தியின் குரல் வந்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரே ஒரு வரி எழுத்து. எங்க தாத்தா போர் போடுறாங்க. இன்னைக்குத் தண்ணி வரல. எல்லாரும் போயிட்டாங்க. எங்க தாத்தா மட்டும் போகல.

எனக்குக் கோபம் வந்தது. எத்தனையோ தோட்டத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்திருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் பாழாய்ப்போன குழியா கிடைத்தது இவளுக்கு? அடுத்த படத்தில் நான் குழிமேல் இரும்பு மூடியை வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். தாத்தா ஓட்டையை மூடுறாங்க. ஏன்னு கேட்டேன். உன்னைய மாதிரி ஒரு பிள்ளை விழுந்துறக் கூடாதுல்ல, அப்படின்னாங்க.

எத்தனையோ வருஷமாக நான் செய்கிற வேலை அது. பெருமையடிக்க இத்தனை வைத்திருக்கும் நான் அதை ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றியதில்லை.

டீச்சரம்மா போனின் சத்தத்தை நிறுத்தினார். "இப்ப நீயா வாசி" என்றார். பேத்தி வரியின் மேல் விரலை ஓட்டி, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அவள் வேகத்துக்கு என் வேகம் சரியாக இருந்தது. அவள் விரலுக்குப் பின்னாலேயே என் கண்ணும் போனது. மூடுறாங்க என்ற இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து திணறினோம்.

"மனப்பாடமா ஒப்பிக்கிறாளோன்னு நினைப்பீங்க" என்று டீச்சரம்மா படங்களை முன்பின்னாக மாற்றிக் காட்டினார். அப்போதும் வாசித்தாள். "எழுத்து ஒவ்வொண்ணாக் கொஞ்ச நாளாப் பழகிட்டு வாறா. இதுக்கு முதல்ல பேசிப் பதிஞ்சா. அதக் கொஞ்சங் கொஞ்சமாப் போட்டுக் கேட்டு, காதுல விழுந்தத எழுதுனா. தப்பா இருந்தா அழிச்சு மறுபடி எழுதுனா. அவ பேச்ச அவளால இப்ப வாசிக்க முடியுதுங்கய்யா. புஸ்தகத்துல அடுத்தவங்க பேச்ச வாசிக்க இன்னும் கொஞ்ச நாளாகும். அதுக்கு இடையில நான் போக வேண்டி வந்தா, வர்றவங்க கிட்ட இத மட்டும் சொல்லிருங்க."

அவர் கேட்டது அவ்வளவுதான்.

கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டு, மனுவை விட்டுவிடுங்கள் என்றேன். "வாயால சொன்னா ஆகாதுங்க, எழுத்தாக் குடுங்க" என்றார்கள். மறுபடியும் மனு எழுதுகிறவரிடம் போக எனக்கு மனமில்லை. அன்று சாயங்காலம் பேத்தியை உட்கார வைத்து, "தாத்தா சொல்றத எழுது தாயி" என்றேன். அவள் போனை நீட்டி, "பேசுங்க, அப்புறம் கேட்டுக் கேட்டு எழுதுறேன்" என்றாள். நான் யார், என் தொழில் என்ன, என் சொல்லுக்கு ஊரில் என்ன மதிப்பு என்று ஆரம்பித்தேன். சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"தாத்தா, நீங்க ரொம்ப நேரம் பேசுறீங்க. ஒரு வரி ஒரு வரியாச் சொல்லுங்க."

ஒரு மணி நேரம் ஆனது. டீச்சர் மேல நான் மனு குடுத்தேன். அது தப்பு. டீச்சரை மாத்தாதீங்க. இதை எழுதுனது என் பேத்தி.

"தப்புன்னு போட வேணாம் தாயி. விவரம் தெரியாம நடந்துபோச்சு, அப்படின்னு போடு."

"அதுக்கு நெறைய எழுத்து தாத்தா" என்று பேனாவை என் கையில் கொடுத்துவிட்டாள்.

அவள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் வரை டீச்சரம்மா எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார். போர்வண்டிக்காக, இடத்துக்காக, பேங்கில் நான் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்குக் கணக்கில்லை. எல்லாம் யாரோ எழுதியது, யாரோ விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டது. அன்று சாயங்காலம் அந்த நாலு வரியையும் எழுத்துக் கூட்டி, ஒன்றுக்கு இரண்டு தடவை முழுதாக வாசித்தேன். தப்பு என்ற சொல்லிலும் நிற்காமல் போனேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.