பூசைக்கு வைத்த நாற்காலி

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். ருவான்வெல்லை பஜாரில் கேட், கிரில் வெல்டிங் செய்யும் என் கடைக்கு வந்துபோகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் என் அக்காவுக்கு முதலில் வந்த சக்கர நாற்காலியைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அக்கா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். மழை விட்ட ஒரு காலையில் ரப்பர் மலையில் வாளியோடு வழுக்கி விழுந்தாள். அன்றிலிருந்து இரண்டு காலிலும் பலமில்லை. வேனில் நாற்காலி கொண்டுவந்தவர்கள், லயத்து வரிசை வீட்டு வாசலில் அவளை அதில் உட்காரவைத்து, பின்னால் பேனரைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாற்காலி அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவின் கதவில் நுழையவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். சரி, பல்லை விடுங்கள். மாடு கொட்டிலுக்குள் போகுமா என்றாவது பார்த்திருக்கலாமே! வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் கிடந்த அந்த நாற்காலியில் கோழிதான் முட்டையிட்டது.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"யாரையும் கூப்பிடாம நானே கக்கூசுக்குப் போகணும்டா."

அவள் கணவர், என் மச்சான், நல்ல மனிதர். கூப்பிட்டால் தூக்கிக்கொண்டு போவார். ஆனால் கக்கூசு லயத்தின் கடைசியில் இருக்கிறது. அத்தனை வீட்டு வாசலும் பார்க்கத்தான் போக வேண்டும். அதற்கு வெட்கப்பட்டே அக்கா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். நாக்கு வறண்டு அவள் பேசுவதைக் கேட்கும்போது யாரையாவது அறைய வேண்டும்போல் இருக்கும். யாரை என்றுதான் தெரியாது.

கடைசியில் நானே ஒன்று செய்தேன். கதவை அளந்து அதற்கேற்ற அகலம் வைத்தேன். பாயிலிருந்து கையை ஊன்றி ஏறும்படி இருக்கையைத் தாழ்த்தினேன். சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் சக்கரம் வாங்கிப் பூட்டினேன். மற்றவர்கள் காரில் ஏற்றுவதற்காக நாற்காலியை மடிப்பார்களாம். எங்களுக்கு அது மடிய வேண்டியது, ஒரே அறையில் ஐந்து பேர் பாய் விரிப்பதற்காக. மடித்துச் சுவரில் சாய்த்தால் ஒரு சாண் தடிப்புத்தான். தானாக விரிந்துவிடாமல் இருக்க, பின்னால் தள்ளும் கைப்பிடிக்குக் கீழே ஒரு கொக்கி வைத்தேன். காலையில் வேலைக்குப் போகுமுன் மச்சான் குனியாமலே கொக்கியைக் கழற்றி, நாற்காலியை விரித்து வைத்துவிட்டுப் போகலாம். இஸ்தோப்பிலிருந்து கக்கூசு வரை சீமெந்தில் சரிவும் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் அக்கா தானே போய்த் திரும்பி வந்து, ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். என் கர்வத்தைக் கேட்க வேண்டுமா?

அந்த வருஷம் ஆயுத பூசையன்று கடையில் வெல்டிங் மெஷினுக்கும் டிரில்லுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அவல் கடலையோடு பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். சாமி படத்துக்கு முன்னால் பால் வெட்டும் கத்திகளும் வாளியும் மண்வெட்டியும் இருந்தன. அவற்றுக்கு நடுவே மடித்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, என் நாற்காலி. அக்கா எதிர்ச்சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"காலையிலேருந்தா?" என்றேன்.

தலையை மட்டும் ஆட்டினாள்.

"இன்னைக்கு ஆயுதத்த எடுக்கப்படாதே மாப்ள," என்றார் மச்சான். "நாளைக்கு விடிஞ்சதும் எடுத்துக் குடுத்துடுவேன். இன்னைக்கு ஒருநா நான் தூக்கிட்டுப் போறேன்னா கேக்கமாட்டேங்கிறா."

"ஆயுதமா? அது அவ காலு! உங்க ரெண்டு காலையும் கழட்டிச் சாமி முன்னால வச்சிட்டு உக்காருங்க பாப்போம்!"

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். மாலையைப் பிய்த்து எறிந்தேன். விளக்கு சாய்ந்து எண்ணெய் கொட்டியது. வாசலில் கூடிவிட்ட பக்கத்து வீட்டுப் பெண்கள் சாமி குத்தம் என்றார்கள். குத்தம் யார் பண்ணினது என்று சாமிக்குத் தெரியும் என்று கத்திக்கொண்டே, கொக்கியைக் கழற்றி நாற்காலியை விரித்து அக்காவின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

அவள் ஏறவில்லை.

"நான் நகந்து போயி இழுத்துப் பாத்தேன்டா. கொக்கி எட்டல. காலையில அவரு கழட்டித் தந்தாத்தான் உண்டு, இப்ப நீ கழட்டித் தந்தாத்தான் உண்டு. கொக்கிய அங்க கொண்டுபோயி வச்சது யாரு?"

கதவை அளந்தேன். சுவரை அளந்தேன். மச்சானின் உயரத்தைக்கூட யோசித்தேன். பாயில் இருக்கிறவளின் கை எதுவரை எட்டும் என்று ஒரு தடவை கேட்கவில்லை. வேனில் வந்தவர்களை ஊரெல்லாம் திட்டித் தீர்த்தவன் நான். என் மேலேயே எனக்கு வந்த கோபத்தை யார் தலையில் கொட்டுவது?

அக்கா கையை ஊன்றி ஏறி, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டு வந்தாள். செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

"கொக்கியக் கீழ எறக்கி, முன்பக்கமா வை. இப்பவே."

"நாளைக்குக் காலையில மொத வேலையா செஞ்சிடுறேன்க்கா. இன்னைக்கு டிரில் பூசையில இருக்கு..."

அக்கா செம்பைக் கீழே வைத்தாள்.

"உன் மச்சானும் காலையில இதத்தான்டா சொன்னாரு."