நான் உள்ளே போனதாக எழுதியிருந்தது

தாராவியில் ஒரு வீட்டுக்குள் நான் போனதாக ஒரு காகிதம் சொல்கிறது. என் கையெழுத்து அதன் கீழே இருக்கிறது. நான் அந்த வீட்டுக்குள் போகவில்லை.

அந்தக் காகிதத்துக்குப் பஞ்சநாமா என்று பெயர். போலீஸ் ஒரு வீட்டைச் சோதனை போட்டால், எதை, எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை மரியாதைக்குரிய இரண்டு பேர் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த இரண்டு பேரும் பஞ்ச். அறுபதுகளின் தொடக்கத்தில் பம்பாயில் மதுவிலக்கு கடுமையாக இருந்தது. எங்கள் பக்கத்துக் காவல் நிலையத்தில் மகளிர் கமிட்டி ஒன்று வைத்திருந்தார்கள். குடியின் கேட்டைப் பற்றித் துண்டுப் பிரசுரம் கொடுப்பது, பள்ளிக்கூடத்தில் படம் காட்டுவது, இவ்வளவுதான் முதலில் வேலை. பிறகு, பெண்கள் இருக்கும் வீட்டில் சோதனை என்றால் பஞ்சாக ஒரு பெண் வேண்டும் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் மாதுங்காவில் வளர்ந்தவள், இண்டர் படித்தவள், மராத்தி சரளமாக வாசிப்பேன். தாராவித் தமிழர் பேசுவதும் எனக்குப் புரியும். இன்ஸ்பெக்டருக்கு வேறென்ன வேண்டும்.

எனக்கு அதில் பெருமை இருந்தது. எங்கள் கட்டிட வாசலில் ஜீப் வந்து நிற்கும். மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். மூன்றாவது மாடி மாமி ஒருத்தி, "போலீஸ் மாமி கிளம்பியாச்சு, எல்லாரும் அவாவா ஆத்து இஞ்சி மொரப்பாவக்கூட ஒளிச்சு வெச்சுக்கோங்கோடி" என்பாள். நானும் சிரித்துக்கொண்டே ஏறுவேன்.

ஒரு பழக்கத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. எந்தச் சோதனையிலும் நான் வீட்டுக்குள் போக மாட்டேன். குளித்துவிட்டுச் சுவாமி விளக்கேற்றிவிட்டு வந்திருப்பேன். தோல் பதனிடும் நாற்றம், சாக்கடை, காய்ச்சும் சரக்கின் புளித்த வாடை. வாசலுக்கு நான்கடி தள்ளி, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன். போலீஸ்காரர்கள் உள்ளே போய் எடுத்து வந்து காட்டுவார்கள். கதவு திறந்துதானே இருக்கிறது, பார்த்த மாதிரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இன்ஸ்பெக்டருக்கு அது தெரியும். அவர் ஒரு நாளும் உள்ளே வா என்று கட்டாயப்படுத்தியதில்லை. அதை மரியாதை என்று நினைத்தேன்.

அந்தக் காகிதம் எழுதிய அன்று காலை எட்டு மணி இருக்கும். சந்தின் நடுவில் சாக்கடை ஓடியது. அதன் மேல் பலகைகள் போட்டிருந்தார்கள். குழாயடிக்கு எதிரே இருந்த வீடு. வீட்டுக்காரி திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். புருஷன் தோல் கிடங்கில் வேலைக்குப் போய்விட்டிருந்தான். பன்னிரண்டு வயதுப் பெண் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றது. இரண்டு கான்ஸ்டபிள்கள் உள்ளே போனார்கள். பாத்திரங்கள் உருண்டன. இன்னொரு பஞ்ச், முனையில் டீக்கடை வைத்திருந்தவர், குழாய்த் திட்டில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

வீட்டுக்காரி என்னைப் பார்த்துவிட்டாள்.

"யக்கா, ஒங்களத்தான். நீங்க தமிழ்தான? உள்ள வந்து பாருங்க. பாத்துட்டு என்ன எழுதணுமோ எழுதுங்க."

நான் அசையவில்லை.

"முன்ன வித்தேன், இல்லங்கல. அதுக்கு ஜெயிலுக்கும் போயிட்டு வந்தாச்சு. இப்ப இட்லிதான் அவிச்சு விக்கேன். சொன்னா நம்ப மாட்டங்காவ. நீங்க வந்து பானையத் தொறந்து பாருங்க. மாவுதான் இருக்கு."

உள்ளே ஒன்றும் கிடைக்கவில்லை. கான்ஸ்டபிள் ஒருவன் வெளியே வந்து, சாக்கடைப் பலகையைக் காலால் தள்ளினான். குனிந்து, அடியிலிருந்து லாரி டயரின் உள் டியூப் ஒன்றை இழுத்தான். அது கனத்துத் தொங்கியது. உள்ளே சரக்கு. அந்தப் பலகை அவள் வாசலில்கூட இல்லை. மூன்று வீடு தள்ளி, பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் மிதித்துப் போகும் இடம். யாருடையது என்று யார் சொல்ல முடியும். உள்ளே போயிருந்தால் நான் அதைப் பார்த்திருக்க மாட்டேன். வெளியே நின்றதால் முழுவதையும் பார்த்தேன்.

ஜீப்பின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார்கள். என்னிடம் கொடுத்தபோது வாசித்தேன். 'பஞ்சுகளாகிய நாங்கள் வீட்டினுள் சென்று, எங்கள் முன்னிலையில், உள் அறைக் கட்டிலின் அடியிலிருந்து' என்று இருந்தது.

"சாகேப், டியூப் கட்டிலுக்கு அடியில இல்லையே" என்று இந்தியில் மெதுவாகச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் சலித்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "பாய், கல்லி மே மிலா லிகேங்கே தோ கேஸ் கிஸ் பர் பனேகா?" அம்மா, சந்தில் கிடைத்தது என்று எழுதினால் யார் மேல் வழக்குப் போடுவது என்று கேட்கிறார். பிறகு சிரித்தபடி, "வேண்டுமானால் உள்ளே வந்து கட்டிலைப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்" என்றார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். டியூப் எங்கே இருந்தது என்று நான் விவாதித்தால், இதற்கு முன் கையெழுத்திட்ட ஏழெட்டுக் காகிதங்களில் நான் எங்கே நின்றேன் என்ற கேள்வி வரும். அவற்றிலும் 'உள்ளே சென்று' என்றுதான் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். டீக்கடைக்காரர் ஏற்கெனவே போட்டிருந்தார்.

கோர்ட்டில் சத்தியம் செய்து அதையே சொன்னேன். மாஜிஸ்டிரேட், "உள்ளே போனீர்களா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். கூண்டிலிருந்து அவள், "ஆண்டவர் சத்தியமா இவுக எம் வாசப்படிய மிதிக்கல ஐயா" என்று தமிழில் கத்தினாள். யாரும் மொழிபெயர்க்கவில்லை. நான் செய்திருக்கலாம். ஆறு மாதம் போட்டார்கள்.

அவள் ஜெயிலில் இருந்தபோதோ, வெளியே வந்த பிறகோ, சட்டசபையில் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தப் போவதாகப் பேப்பரில் தினமும் வந்தது. திருத்தினார்கள். குடிக்கப் பெர்மிட் வாங்கும் விதிகள் தளர்ந்தன. நாற்பதைத் தாண்டியவர்கள் விண்ணப்பம் போட்டால் போதும் என்றார்கள். எங்கள் கமிட்டி கலைக்கப்பட்டது. 'தங்கள் சேவைக்கு நன்றி' என்று இரண்டு வரிக் கடிதம். என் கணவர் கப்பல் கம்பெனி ஒன்றில் ஹெட் கிளார்க். ஆபீஸில் எல்லோரும் வாங்குகிறார்கள் என்று அவரும் பெர்மிட் வாங்கினார். பிராந்தி பாட்டில் ஒன்று, துணி சுற்றி, என் பட்டுப்புடவைகள் இருந்த பீரோவின் கீழ்த்தட்டில் வந்து உட்கார்ந்தது. "சர்க்காரே சரின்னுடுத்து, நீ ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கறாய்?" என்றார்.  புடவை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டிலைக் கையால் ஒதுக்க வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் இன்னொரு மாற்றமும் வந்தது. அதைப் பற்றிப் பேப்பரில் அதிகம் எழுதவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தண்டனை பெற்றவர்களைப் போலீஸ் ஊரைவிட்டே வெளியேற்றலாம். பம்பாயில் அதைத் தடிபார் என்பார்கள். இனிமேல் அப்படி உத்தரவு போட்டால், சம்பந்தப்பட்டவர் முறையிடலாம், போலீஸைச் சேராத ஓர் அதிகாரி அதைக் கேட்பார், பழைய வழக்கின் பஞ்சுகளைக்கூடக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்று ஆயிற்று. போலீஸ் எழுதியதை வெளி ஆள் ஒருவர் பார்ப்பது அப்போது புதிது. எனக்குச் செக்ரடேரியட்டிலிருந்து கடிதம் வந்தபோதுதான் இந்த விஷயமே தெரியும். அந்தப் பெண்ணை இரண்டு வருடத்துக்கு வெளியேற்றப் போலீஸ் உத்தரவு போட்டிருந்தது. அவள் முறையிட்டிருந்தாள். நான் போய்ச் சொல்ல வேண்டும்.

கணவரிடம் நடந்ததை முதன்முதலாக அன்று சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"சத்தியம் பண்ணிப் பொய் சொன்னேன்னு நீயே போய்ச் சொல்லப் போறாயா?"

"ஏன்னா, அவளுக்கு ஒரு பொண் இருக்கு."

"நமக்கும் ஒண்ணு இருக்கு. செம்பூர்ப் பிள்ளையாத்துக்காரா இந்த வாரம் பதில் சொல்றேன்னிருக்கா. பொண்ணோட அம்மா மேல கேஸ்னு காதுல விழுந்தா என்ன ஆகும்? யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். அந்த வாரம் முழுவதும் அதை மட்டும்தான் யோசித்தேன். என் பெண் அப்போது பி.ஏ. கடைசி வருடம். எது நடந்தாலும் முதலில் அவளுக்கு என்ன ஆகும் என்று போகும் மனம் எனக்கு. அவள் கல்லூரியிலிருந்து பத்து நிமிடம் தாமதித்தால் பஸ் ஸ்டாப்புக்குப் போய் நிற்பவள் நான். இது காரணம்தான். காரணம் இருப்பதால் வெட்கம் குறைந்துவிடவில்லை.

விசாரணை அறையில் கம்பளம் விரித்திருந்தது. அதிகாரி வயதானவர், சாந்தமானவர். தாராவிப் பெண் ஓரமாக நின்றாள். கசங்காத வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள், சர்ச்சுக்குப் போகிற மாதிரி. அதிகாரி என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

"வீட்டுக்குள் போனீர்களா?"

"ஞாபகம் இல்லை."

"டியூபை எங்கே எடுத்தார்கள்?"

"பஞ்சநாமாவில் எழுதியிருப்பதுதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எழுதியிருப்பது என் முன்னால் இருக்கிறது அம்மா. எழுதாமல் விட்டது எதுவும் உண்டா என்று கேட்கத்தான் இப்போது சட்டம் எனக்கு இடம் கொடுத்திருக்கிறது. அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்."

அவர் நிஜமாகவே காத்திருந்தார். மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நேரம் யாரும் என்னிடம் எதற்கும் காத்திருந்ததில்லை. "நாள் ஆகிவிட்டது. ஞாபகம் இல்லை" என்றேன். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

வராந்தாவில் ஒரே பெஞ்சு. முடிவு தெரியட்டும் என்று உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அவளும் வெளியே வந்து மறுமுனையில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்துப் பியூன் டைப் செய்த காகிதத்தை அவளிடம் கொடுத்து, மராத்தியில் ஏதோ சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள்.

"வாசிச்சு சொல்லுங்க. இதயாவது உள்ளபடி சொல்லுங்க."

வாசித்தேன். முறையீடு தள்ளுபடி. ஏழு நாளில் பம்பாயையும் தாணா ஜில்லாவையும் விட்டுப் போக வேண்டும். இரண்டு வருடம் திரும்பக் கூடாது.

"கல்யாண் வரைக்கும் வரலாமா? எம் புள்ளய அவுக அப்பா அங்க கூட்டிட்டு வந்தா, பாத்துட்டுப் போவேன்."

"கல்யாண் தாணாலதான் இருக்கு. கூடாது."

"அவளயும் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். பள்ளிக்கூடம் இருக்கே. இங்க தமிழ்ப் பள்ளிக்கூடத்துல ஏழாங்கிளாசு. நல்லா படிக்கா. அவுக அப்பா விடமாட்டங்காவ."  பிறகு என்னிடம் இல்லை, எதிர்ச் சுவரிடம் சொல்வதுபோல் சொன்னாள்: "ரெண்டு வருசத்துல சமைஞ்சிருவா. பக்கத்துல ஆரு இருப்பா?"

கடைசிப் பத்தியில், அவசியமானால் அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றுச் சில நாட்கள் வரலாம் என்று இருந்தது. அது ஏதோ நானே அவளுக்கு வாங்கிக் கொடுத்த சலுகைபோல அவசரமாக அதைச் சொன்னேன்.

"எழுதிக் கேட்டா விடுவா. இந்த மாதிரி விஷயத்துக்கு நிச்சயம் விடுவா."

"எனக்கு ஆரு எழுதித் தருவா?"

"நான் எழுதித் தரேன்."

அப்போதுதான் முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"நீங்க எழுதுனது போதும்க்கா" என்றாள். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

செம்பூர்க் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை நல்ல மாதிரி. என் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அன்று வாயை மூடிக்கொண்டேன் என்று என் கணவர் இப்போதும் சொல்கிறார், என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு.

அந்த இரண்டு வருடம் எந்த மாதத்தில் முடிந்தது என்று எனக்குத் தெரியும். நாட்காட்டியில் குறித்து வைக்கவில்லை; குறிக்காமலே தெரிந்தது. எங்கள் கட்டிடத்திலிருந்து அந்தச் சந்துக்கு நடந்தால் அரைமணிகூட ஆகாது. திரும்பி வந்தாளா என்று நான் போய்க் கேட்கவில்லை.